எதிர்ப்பொருள் இருந்தால் போதுமா? ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி தரும் பாதுகாப்பை விலங்குகளில் அளக்கும் விதம்

இரத்தப் பரிசோதனைத் தாளில் "ஆன்டிபாடி அளவு" என்று ஓர் எண்ணைப் பார்த்ததும், "ஐந்நூறு வந்திருக்கிறது, இனி எனக்கு ஒன்றும் ஆகாது" என்று சொல்லும் பழக்கம் கொரோனா காலத்தில் பலருக்கும் வந்துவிட்டது. ஐந்நூறு என்றால் எதில் ஐந்நூறு, எத்தனை இருந்தால் போதும், அதை முடிவு செய்தது யார் என்று கேட்டவர்கள் குறைவு.

ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி பற்றிய பேச்சில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். "தடுப்பூசி போட்ட முயல்களில் எதிர்ப்பொருள் (அதாவது ஆன்டிபாடி) பல மடங்கு கூடியது" என்று ஒரு வரி வந்தால், படிப்பவர் அதை "முயல்கள் பிழைத்துக்கொண்டன" என்று எடுத்துக்கொள்கிறார். முதல் வரியிலிருந்து இரண்டாவது வரிக்குப் போக எத்தனையோ படிகள் ஏற வேண்டும். அந்தப் படிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். முன்னறிவு எதுவும் தேவையில்லை.

குடையை எண்ணுவதும் மழையில் நடப்பதும்

நூறு பேர் மழையில் போகப் போகிறார்கள். நனையாமல் திரும்புவார்களா என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். என்ன செய்யலாம்?

கையில் இருக்கும் குடைகளை எண்ணலாம். சுலபமான வேலைதான், ஆனால் கிழிந்த குடையும் கணக்கில் சேர்ந்துவிடும். ஒவ்வொரு குடையாக விரித்து மேலே தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். இதில் கிழிசல் தெரிந்துவிடும். ஆனால் ஊற்றும் தண்ணீர் வேறு, காற்றோடு அடிக்கும் மழை வேறு. கடைசி வழி, ஆட்களை உண்மையான மழையிலேயே அனுப்பிவிட்டு, திரும்பி வரும்போது யார் சட்டை காய்ந்திருக்கிறது என்று பார்ப்பது.

சந்தேகத்துக்கு இடமில்லாத பதில் கடைசி வழியில்தான் கிடைக்கும். ஆனால் அந்த மழை ஆளைக் கொல்லும் மழையாக இருந்தால் யாரை அனுப்புவது? ஆந்த்ராக்ஸில் இருக்கும் சிக்கல் இதுதான். மனிதர்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, வேண்டுமென்றே அவர்களைக் கிருமிக்கு ஆட்படுத்த முடியாது. அதனால் விலங்குகளில் மூன்று வழிகளையும் செய்து பார்க்கிறார்கள். அப்புறம், மனிதர்களில் முதல் இரண்டை மட்டும் செய்து, மூன்றாவதன் விடையை ஊகிக்கிறார்கள்.

எதிரி யார் என்று முதலில் பார்ப்போம்

ஆந்த்ராக்ஸ் அடிப்படையில் ஆடு மாடுகளின் நோய். தமிழில் இதற்கு அடைப்பான் என்று பெயர். பேசில்லஸ் ஆந்த்ராசிஸ் என்ற பாக்டீரியாவால் வருகிறது. இந்தப் பாக்டீரியாதான் நோய்க்குக் காரணம் என்பதை ராபர்ட் கோக் 1876இல் காட்டினார். சூழல் சரியில்லாதபோது இது கெட்டியான ஓட்டுக்குள் உறங்கும் வடிவத்துக்கு மாறிவிடும். இந்த உறங்கும் வடிவத்துக்கு ஸ்போர் என்று பெயர். மண்ணில் பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும். உடலுக்குள் புகுந்ததும் விழித்துப் பெருகத் தொடங்கும்.

பெருகிய பாக்டீரியாவிடம் இரண்டு ஆயுதங்கள் உண்டு. ஒன்று, நம் வெள்ளணுக்கள் தன்னை விழுங்காமல் தடுக்கும் மேலுறை. இன்னொன்று நச்சு. நமக்கு இப்போது வேண்டியது நச்சின் கதை.

நச்சு மூன்று புரதங்களால் ஆனது. கொல்லும் காரணி, வீக்கக் காரணி ஆகிய இரண்டும் செல்லுக்குள் போய் நாசம் செய்பவை. ஆனால் அவற்றால் தாமாக உள்ளே நுழைய முடியாது. கதவைத் திறந்துவிடும் கூட்டாளிதான் மூன்றாவது புரதம். அதன் பெயர், கேட்டால் சிரிப்பு வரும், பாதுகாப்பு ஆன்டிஜென். திருடனுக்குக் கதவைத் திறந்துவிடுகிறவனுக்கு இப்படி ஒரு பெயர் ஏன்? ஆன்டிஜென் என்றால் நம் உடலின் எதிர்ப்பு அமைப்பு அடையாளம் கண்டு எதிர்வினை காட்டும் பொருள். இந்தப் புரதத்தை உடலுக்கு அறிமுகம் செய்துவைத்தால் நோயிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது என்பதைக் கண்டவர்கள் வைத்த பெயர் அது. தடுப்பூசியின் பக்கமிருந்து பார்த்தால் பெயர் பொருந்தும். இனி இதைப் பி.ஏ. என்றே சொல்கிறேன்.

பி.ஏ. வேலை செய்யும் விதம் இது. முதலில் செல்லின் மேற்பரப்பில் போய் ஒட்டுகிறது. அங்கே இருக்கும் ஒரு நொதி அதில் ஏறக்குறைய கால் பங்கை வெட்டி எடுத்துவிடுகிறது. மிச்சமிருக்கும் துண்டுகள் பெரும்பாலும் ஏழு ஏழாகச் சேர்ந்து ஒரு வளையமாகின்றன. அந்த வளையத்தின் மேல் கொல்லும் காரணியோ வீக்கக் காரணியோ ஏறி உட்காருகிறது. செல் அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போனதும் வளையம் ஒரு துளையாக மாறி, உட்கார்ந்திருந்த காரணியை உள்ளே விட்டுவிடுகிறது.

அமெரிக்காவில் 1970இல் உரிமம் பெற்ற மனிதத் தடுப்பூசியின் முக்கியச் சரக்கு இந்தப் பி.ஏ.தான். அதில் உயிருள்ள பாக்டீரியா கிடையாது. கால்நடைகளுக்குப் போடுவது வேறு வகை. மேலுறையை இழந்த உயிருள்ள பாக்டீரியாவை வைத்து மாக்ஸ் ஸ்டெர்ன் 1930களில் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கியது அது. இந்தக் கட்டுரை முதல் வகையைப் பற்றியது.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பி.ஏ.வை நடுவழியில் மறித்துவிட்டால் மற்ற இரண்டும் வெளியே நிற்க வேண்டியதுதான்.

முதல் வழி: எண்ணுவது

தடுப்பூசி போட்டதும் உடல் பி.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களை உண்டாக்குகிறது. இவைதான் எதிர்ப்பொருள்கள், அதாவது ஆன்டிபாடிகள். இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீரில், அதாவது சீரத்தில், இவை இருக்கும்.

எண்ணுவதற்கு எலைசா என்ற சோதனை உண்டு. சிறு குழிகள் கொண்ட தட்டில் பி.ஏ.வைப் பூசி, மேலே சீரத்தை ஊற்றுவார்கள். எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாததைக் கழுவிவிட்டு, ஒட்டியதற்கு நிறம் வரச் செய்வார்கள். நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு எதிர்ப்பொருள்.

அளவை எண்ணாகச் சொல்ல ஒரு பழைய தந்திரம் இருக்கிறது. சீரத்தைப் பாதி பாதியாக நீர்க்கவைத்துக்கொண்டே போவது. நூறு மடங்கு, இருநூறு, நானூறு என்று நீர்த்துக்கொண்டே போனால், ஓர் இடத்தில் நிறம் வருவது நின்றுவிடும். கடைசியாக நிறம் தெரிந்த நீர்ப்பு அளவுக்கு டைட்டர் என்று பெயர். உப்புத் தண்ணீரில் மேலும் மேலும் நல்ல தண்ணீர் சேர்த்து, எத்தனை மடங்கு வரை உப்பு கரிக்கிறது என்று பார்ப்பதைப் போலத்தான். டைட்டர் 6400 என்றால் 6400 மடங்கு நீர்த்த பிறகும் அடையாளம் தெரிகிறது என்று பொருள். இத்தனை மில்லிகிராம் என்று அதற்குப் பொருள் இல்லை. ஓர் ஆய்வகத்தின் 6400ஐ இன்னொன்றின் 6400 உடன் நேராக ஒப்பிடவும் முடியாது, இரண்டும் ஒரே அளவுகோல் சீரத்தை வைத்து அளந்திருந்தாலொழிய.

இதில் இருக்கும் ஓட்டை என்ன? எலைசா "ஒட்டுகிறதா" என்று மட்டுமே கேட்கிறது. பி.ஏ.வில் கால் பங்கு வெட்டப்பட்டுப் போகிறது என்று பார்த்தோம் அல்லவா? அந்தத் துண்டில் போய் ஒட்டிக்கொண்ட எதிர்ப்பொருள் துண்டோடு சேர்ந்து போய்விடும். மிச்ச வளையம் பெரும்பாலும் தன் வேலையைத் தடையில்லாமல் செய்துகொண்டிருக்கும். ஆனால் எலைசா தட்டில் அந்த எதிர்ப்பொருளும் அழகாக நிறம் காட்டும். கிழிந்த குடை கணக்கில் சேர்ந்துவிட்டது.

இரண்டாம் வழி: தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது

இதற்கு நச்சு முறிப்புச் சோதனை என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். நேரடியான, புத்திசாலித்தனமான சோதனை. எனக்கு மிகவும் பிடித்தது.

சுண்டெலியிலிருந்து வந்த ஒரு வகை விழுங்கு செல்களைத் தட்டின் குழிகளில் வளர்க்கிறார்கள். இவை ஆந்த்ராக்ஸ் நச்சு பட்டால் சில மணி நேரத்தில் செத்துவிடும். தனியாக, பி.ஏ.வும் கொல்லும் காரணியும் குறிப்பிட்ட அளவு கலந்த நச்சோடு, பல அளவுகளில் நீர்த்த சீரத்தைச் சேர்க்கிறார்கள். அந்தக் கலவையைச் செல்களின் மேல் விடுகிறார்கள். சீரத்தில் உருப்படியான எதிர்ப்பொருள் இருந்தால் நச்சு முறிந்து செல்கள் பிழைக்கும். இல்லாவிட்டால் சாகும். கடைசியில் ஒரு சாயத்தைச் சேர்த்தால், உயிருள்ள செல்கள் மட்டும் அதன் நிறத்தை மாற்றும்.

சீரம் கெட்டியாக இருக்கும்போது எல்லாச் செல்களும் பிழைக்கும். மிகவும் நீர்த்துவிட்டால் எல்லாம் சாகும். நடுவே ஓர் இடத்தில் பாதுகாப்பு சரியாகப் பாதியாக இருக்கும். எத்தனை மடங்கு நீர்ப்பில் அந்தப் பாதிப்புள்ளி வருகிறது என்பதுதான் அளவு. அப்புறம் அதே நாளில், அதே தட்டில் சோதித்த ஓர் அளவுகோல் சீரத்தின் பாதிப்புள்ளியால் அதை வகுக்கிறார்கள். கிடைக்கும் விகிதத்தை முறிப்பு விகிதம் என்று சொல்லலாம். விகிதம் 1 என்றால் சோதிக்கும் சீரம் அளவுகோல் சீரத்துக்குச் சமம். 0.5 என்றால் அதில் பாதி வலு. ஒரு நாள் செல்கள் சோர்வாக இருந்து அளவு ஏறி இறங்கினாலும், அளவுகோலும் கூடவே ஏறி இறங்குவதால் விகிதம் பெரிதாக மாறாது.

இன்னொரு பெரிய வசதியும் உண்டு. எலைசாவில் ஒட்டிய எதிர்ப்பொருளைக் கண்டுபிடிக்க, முயலுக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என வேறு வேறு வினைப்பொருள்கள் பொதுவாகத் தேவை. முறிப்புச் சோதனைக்கு அது தேவையில்லை. நச்சை முறித்தது யாருடைய எதிர்ப்பொருள் என்று தட்டில் இருக்கும் செல்லுக்குக் கவலையில்லை. அது பிழைத்ததா இல்லையா, அவ்வளவுதான். அதனால் முயலின் எண்ணையும் மனிதரின் எண்ணையும் ஒரே கோலில் வைத்துப் பார்க்க முடிகிறது. இந்த வசதி இல்லாமல் போயிருந்தால் பின்னால் வரப்போகும் கணக்கு எதுவும் நடந்திருக்காது.

சுருக்கமாக: எலைசா ஒட்டுவதை அளக்கிறது, முறிப்புச் சோதனை தடுப்பதை அளக்கிறது. இரண்டுமே தட்டில் நடப்பவை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பது இன்னும் தெரியாது.

மூன்றாம் வழி: உண்மையான மழை

தடுப்பூசி போட்ட விலங்கை உண்மையான கிருமிக்கு ஆட்படுத்திப் பார்ப்பதை எதிர்கொள்ளல் சோதனை எனலாம். இதில் மிகப் புகழ்பெற்றது லூயி பாஸ்டர் 1881இல் பிரான்ஸின் பூயி-லெ-ஃபோர் என்ற ஊரில் பொதுமக்கள் முன்னிலையில் நடத்தியது. 24 செம்மறியாடுகள், ஒரு வெள்ளாடு, ஆறு மாடுகளுக்கு மே 5, மே 17 ஆகிய நாள்களில் தடுப்பூசி போட்டார். இணையாக, தடுப்பூசி போடாத ஒப்பீட்டுக் குழு ஒன்று. மே 31 அன்று எல்லாவற்றுக்கும் வீரியமுள்ள கிருமி செலுத்தப்பட்டது. ஜூன் 2 அன்று கூட்டம் கூடியபோது தடுப்பூசி போட்ட ஆடுகள் நின்றுகொண்டிருந்தன. போடாத ஆடுகளில் பெரும்பாலானவை இறந்து கிடந்தன. எஞ்சிய ஆடுகளும் அன்றைக்கே இறந்தன.

ஒப்பீட்டுக் குழு எதற்கு என்று இதைப் பார்த்தாலே புரியும். அது இல்லாவிட்டால், பிழைத்த ஆடுகள் தடுப்பூசியால் பிழைத்தனவா, கிருமி அன்றைக்கு வலுவிழந்திருந்ததால் பிழைத்தனவா என்று சொல்ல வழியே இல்லை.

இன்று இந்தச் சோதனைகள் உயர் பாதுகாப்பு ஆய்வகங்களில், நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நடக்கின்றன. தேறாது என்று உறுதியாகத் தெரியும் அறிகுறி வந்துவிட்டால், விலங்கை வேதனையில் விட்டுவைக்காமல் வலியின்றி இறக்கச் செய்வதும் நடைமுறை. இறுதி வரை காத்திருந்து எண்ணுவது அறிவியலுக்குத் தேவையில்லை.

தடுப்பூசியை ஏன் வேண்டுமென்றே நீர்க்கவைக்கிறார்கள்?

பலரும் கவனிக்காத இடம் இது. பாஸ்டரின் முடிவு பிரமாதமானது: போட்ட ஆடுகள் பிழைத்தன, போடாத ஆடுகள் இறந்தன. ஆனால் "எவ்வளவு எதிர்ப்பொருள் இருந்தால் போதும்" என்று கேட்டால் அந்த முடிவிடம் பதில் கிடையாது. எல்லாமே பிழைத்துவிட்டால் எல்லைக் கோடு எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? வகுப்பில் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டால் அந்தக் கேள்வித்தாளால் யாரையும் பிரித்தறிய முடியாது அல்லவா?

அதனால் முயல்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு முழு வலுவுள்ள தடுப்பூசி, அடுத்ததற்கு நீர்த்தது, அதற்கடுத்ததற்கு இன்னும் நீர்த்தது என்று போடுகிறார்கள். எதிர்ப்பொருள் அளவு குறைவு, நடுத்தரம், அதிகம் என்று பரவலாகக் கிடைக்கும். கிருமிக்கு ஆட்படுத்துவதற்கு முன்பே ஒவ்வொரு முயலின் இரத்தத்தையும் எடுத்து முறிப்பு விகிதத்தைக் குறித்து வைத்துக்கொள்கிறார்கள். பிறகு எது பிழைத்தது, எது இறந்தது என்று பார்க்கிறார்கள். அரைகுறையான தடுப்பூசியைப் போட்டு அது தோற்பதைப் பார்ப்பது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தோல்விகள் இல்லாமல் எல்லை தெரியாது.

இப்போது ஒரு வரைபடம். கிடைக்கோட்டில் எதிர்ப்பொருள் அளவு, செங்கோட்டில் பிழைக்கும் வாய்ப்பு. கிடைப்பது சாய்ந்த ஆங்கில எஸ் போன்ற ஒரு வளைவு. இடது ஓரத்தில் பிழைப்பவை மிகக் குறைவு, வலது ஓரத்தில் ஏறக்குறைய எல்லாமே பிழைக்கின்றன, நடுவில் சரசரவென்று ஏறுகிறது. ஓர் அளவைப் பார்த்தே பிழைக்கும் வாய்ப்பைச் சொல்ல முடிகிறது என்றால், அந்த அளவைப் பாதுகாப்புச் சுட்டி என்கிறோம்.

முன்பு சொன்ன அமெரிக்கத் தடுப்பூசிக்கு முயல்களில் கிடைத்த எண் இது: முறிப்பு விகிதம் 0.56 இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு 70 சதவீதம்.

இந்த 70ஐப் போலத் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் எண் குறைவு. தடுப்பூசி 70 சதவீதம்தான் வேலை செய்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை. சரியாக 0.56 அளவில் நிற்கும் நூறு முயல்களை எடுத்துக்கொண்டால், அவற்றில் ஏறக்குறைய எழுபது பிழைக்கும் என்பதுதான் இதன் பொருள். விகிதம் அதைவிட அதிகம் உள்ளவற்றுக்கு வாய்ப்பும் அதிகம். அதேபோல 0.56 ஒரு மதில் சுவரும் அல்ல, 0.55இல் சாவு, 0.57இல் வாழ்வு என்று இல்லை. வளைவில் ஓர் இடத்தைப் பிடித்து "இதைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம்" என்று முடிவு செய்தது அது.

குடைதான் காத்ததா, மழைக்கோட்டா?

ஒரு சந்தேகம் வர வேண்டும். குடை வைத்திருப்பவர்கள் மழைக்கோட்டும் போட்டிருந்தால்? காய்ந்த சட்டைக்குக் காரணம் குடை என்று எப்படிச் சொல்வது? தடுப்பூசி எதிர்ப்பொருளை மட்டும் உண்டாக்குவதில்லை. எதிர்ப்புச் செல்களையும் பழக்குகிறது. எதிர்ப்பொருள் அதிகமுள்ள முயல் பிழைத்ததற்கு அந்தச் செல்கள்கூடக் காரணமாக இருக்கலாம்.

இதைப் பிரித்துப் பார்க்க ஒரு வழி: குடையை மட்டும் எடுத்து வேறொருவர் கையில் கொடுப்பது. தடுப்பூசி போட்ட விலங்கின் சீரத்தை, தடுப்பூசியே போடாத விலங்குக்குச் செலுத்திவிட்டு, அதைக் கிருமிக்கு ஆட்படுத்துகிறார்கள். செல்கள் போகவில்லை, எதிர்ப்பொருள் மட்டுமே போயிருக்கிறது. விலங்கு பிழைத்தால் எதிர்ப்பொருளே போதுமான காரணம். பி.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள்களில் இது காட்டப்பட்டுவிட்டது. இந்தத் தர்க்கத்தின் நேரடி விளைவாக மருந்தே வந்திருக்கிறது: பி.ஏ.வைப் பிடிக்கும் ராக்ஸிபாகுமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் ஒப்புதல் கிடைத்தது.

எந்த விலங்கு?

எந்த விலங்கானாலும் சரி என்று எடுத்துக்கொள்ள முடியாது. சுண்டெலியில் மேலுறை மட்டுமே பெரிய ஆயுதமாகிவிடுகிறது. நச்சே இல்லாமல் மேலுறை மட்டும் உள்ள கிருமி வகைகளும் அதைக் கொல்லக்கூடும். அப்படியிருக்க, நச்சைத் தடுக்கும் தடுப்பூசியை அதில் சோதித்தால் முடிவு கோணலாகத்தான் வரும். சில வகைப் பெரிய எலிகள் தலைகீழ்: நச்சு மிகச் சிறிதளவு போனாலும் விரைவில் இறந்துவிடும், ஆனால் நோய்த்தொற்றை ஓரளவு தாக்குப்பிடிக்கும். கினிப் பன்றி நீண்ட காலம் பயன்பட்டது, இருந்தாலும் அதில் எதிர்ப்பொருள் அளவுக்கும் பிழைப்புக்கும் உள்ள பொருத்தம் சீராக இல்லை.

முயலிலும் ரீசஸ் குரங்கிலும் நோய் போகும் போக்கு மனிதருக்கு நெருக்கம். அவற்றில் எதிர்ப்பொருள் அளவும் பிழைப்பும் கைகோத்துப் போகின்றன. அதனால்தான் கடைசியில் இந்த இரண்டிலேயே வந்து நின்றார்கள். முயலில் நோய் மனிதரைவிட வேகமாக முற்றும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முயலிலிருந்து மனிதருக்கு

மனிதர்களிடம் நேரடி ஆய்வே நடக்கவில்லையா? இந்த வகைத் தடுப்பூசிக்கு நடந்தது, ஒரே ஒரு முறை. அமெரிக்காவில் ஆட்டு மயிரைப் பதப்படுத்தும் ஆலைத் தொழிலாளர்களிடம் 1950களில் நடத்தி, 1962இல் வெளியான ஆய்வு அது. அன்றைய தடுப்பூசி நோயை 92.5 சதவீதம் குறைத்ததாகக் கண்டார்கள். இந்தச் சதவீதம் மேலே பார்த்த 70 போன்றது அல்ல. போட்டவர்களில் நோய் எவ்வளவு குறைந்தது என்பதைச் சொல்வது இது. அந்த நோயாளிகளில் பெரும்பாலோருக்கு வந்தது தோலில் வரும் வகை. மூச்சு வழியாக வரும் கொடிய வகைக்குத் தனி முடிவு சொல்லும் அளவுக்கு எண்ணிக்கை இல்லை.

இப்படிப்பட்ட முட்டுச்சந்துகளுக்காகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2002இல் விலங்கு விதி என்று ஒன்றைக் கொண்டுவந்தது. மனிதரில் சோதிப்பது நெறியல்ல, இயற்கையாகவும் போதிய நோயாளிகள் கிடையாது என்றால், பொருத்தமான விலங்குகளில் கிடைத்த பலனை ஏற்கலாம். ஆனால் மருந்து எப்படி வேலை செய்கிறது என்று தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும், பொதுவாக ஒன்றுக்கு மேற்பட்ட விலங்கினங்களில் காட்டியிருக்க வேண்டும். பாதுகாப்பானதா என்பதை மட்டும் மனிதரிடமே பார்த்தாக வேண்டும். அதற்கு விலங்கு ஈடாகாது.

கிருமியைச் சுவாசித்த பிறகு போடுவதற்காக, 1970இல் உரிமம் பெற்ற அந்தத் தடுப்பூசிக்கு 2015 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது இந்த வழியில்தான். விலங்கு விதியின் கீழ் ஒப்புதல் பெற்ற முதல் தடுப்பூசி அது. தன்னார்வலர்களுக்கு ஊசி போட்டு, சீரம் எடுத்து, அதே முறிப்புச் சோதனையை அதே அளவுகோலோடு செய்து, எத்தனை பேர் 0.56ஐத் தாண்டினார்கள் என்று எண்ணினார்கள். எந்த நாளில் அளப்பது என்பதற்கும் காரணம் உண்டு. ஸ்போர் நுரையீரலில் வாரக்கணக்கில் உறங்கிக் கிடக்கும் என்பதால், ஊசியோடு 60 நாள்கள் ஆன்டிபயாடிக் மாத்திரையும் தருவார்கள். மாத்திரை நிற்கும்போது எதிர்ப்பொருள் தயாராக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எண் இறங்கிவிட்டால் பாதுகாப்பும் போய்விடுமா?

எதிர்ப்பொருள் அளவு மாதக்கணக்கில் குறைந்துகொண்டே வரும். அப்படியென்றால் 0.56க்குக் கீழே வந்தவுடன் பாதுகாப்பு காலியா? அந்த எண் தடுப்பூசி போட்ட சில வாரங்களில், கிருமியைச் சந்திக்கும் தறுவாயில் அளந்தது. நினைவுச் செல்கள் என்று ஒரு வகை உண்டு; ஒருமுறை பார்த்த பகைவனை நினைவில் வைத்திருந்து, மறுபடி பார்த்தால் எதிர்ப்பொருளை வேகமாகத் தயாரிப்பவை. இரத்தத்தில் எடுக்கும் டைட்டரில் இவை தெரியாது. குடை பெட்டிக்குள் மடித்து வைத்திருப்பதைப் போல.

ரீசஸ் குரங்குகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். மூன்று தவணை ஊசி போட்டுவிட்டு, சிலவற்றை 12 மாதங்கள் கழித்தும், சிலவற்றை 30 மாதங்கள் கழித்தும், மீதியை 52 மாதங்கள் கழித்தும் கிருமிக்கு ஆட்படுத்தினார்கள். அதற்குள் எதிர்ப்பொருள் உச்சத்திலிருந்து வெகுவாக இறங்கியிருந்தது. ஆனாலும் முழு வலுவில் தடுப்பூசி பெற்ற குரங்குகளில் பெரும்பாலானவை நான்கு ஆண்டுகள் கடந்த பிறகும் பிழைத்தன.